ஐவி போட்ட ஃபைலித் திட்டம்

ஐவி நட்டலும் நானும் இங்கிலாந்தின் நெல்சன் ஊரில் ஒரே நெசவாலையில் பதினாறு வருஷம் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். தெருவிலும் அடுத்தடுத்த வீடு. அவளுக்கு நடந்ததில் என் பங்கும் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஜூலையில் எங்கள் ஊர் ஆலைகள் எல்லாம் வருஷ விடுமுறைக்கு ஒன்றாக மூடும். ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஐவிக்கு அங்கே ஒரே விடுதி, ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் ஏடா. காலைச் சாப்பாடு முடிந்ததும் விடுதிக்காரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாள். மழை பெய்தாலும் கடற்கரைதான் கதி. மழைக்கோட்டோடு ஒதுங்கி உட்கார்ந்தால் சுற்றிலும் எங்கள் தெரு ஆட்கள். ஐவியின் தொப்பி சரியில்லை என்று ஆரம்பிக்கும் ஏடா, அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதில் வந்து நிற்பாள். கிளம்புகிற சனிக்கிழமை ஐவியின் புருஷன் வில்ஃப், அடுத்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லிவைத்துவிட்டு வருவான். பதின்மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

1959 ஜனவரியில் ஒரு நாள், பொரித்த மீன் சுற்றி வந்த செய்தித்தாளில் ஐவி இரண்டு வரி விளம்பரம் ஒன்றைப் பார்த்தாள். யார்க்‌ஷயர் பக்கம் ஃபைலி என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன விடுதி. அன்றே கடிதம் எழுதினாள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஏடா தினமும் வந்து நிற்பாள் என்பதால் பதிலுக்கு என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள்.

பதில் வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. நாங்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வோம். "ஃபைலியில கடலைப் பாத்த ரூமாம். ரெண்டு பேருக்கு" என்று நான் வாயை அகலத் திறந்து சொன்னேன். நாலு தறி தள்ளி நின்றிருந்த லாட்டி வார்லி, ஏடாவின் தங்கை மகள். அவளுக்கும் உதடு படிக்கத் தெரியும் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் ஐவி வில்ஃபிடம் சொன்னாள்: "நம்ம ரெண்டு பேரு மட்டும் போலாம், வில்ஃப். ஒரே ஒரு தடவை." அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றானாம்.

அப்புறம் இரண்டு மாதம் அவளைப் பிடிக்க முடியவில்லை. லீட்ஸில் எந்த ரயில் மாற வேண்டும், எந்த நாள் எந்தப் பாறைமேல் நடக்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினாள். நூலகத்திலிருந்து வரைபடம் வாங்கி வந்து என் சமையலறை மேஜையில் விரிப்பாள். வீட்டில் விரிக்க முடியாது. ஏடாவோ வாயே திறக்கவில்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு ஐவி எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். பன்றி இறைச்சியும் டப்பா பீச் பழமும் வைத்தாள். ஏடா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"உன் ரூமுக்குப் பக்கத்து ரூமே எனக்குக் கெடச்சிருச்சு ஐவி. லாட்டிக்கு மாடியில. என்னை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருமா? எனக்கும் சேத்து எழுத உனக்கு நேரம் இருந்திருக்காது, பாவம். அதான் நானே எழுதிட்டேன். யார்க்‌ஷயர்க்காரன் கஞ்சன், கடல்லயும் தண்ணி கலந்திருப்பான், இருந்தாலும் போய்த்தான் பாப்போமே."

வில்ஃப், "அதுவும் நல்லதுதான்" என்று பழத்துக்குக் கை நீட்டினான். ஐவி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். நான் தலை நிமிரவில்லை. என் புருஷன் ஹெர்பர்ட்டும் லாட்டி மூலமாக எங்களுக்கும் அங்கே ஓர் அறை சொல்லியிருந்தார். மறுநாள் தறியில் நின்றுகொண்டு, "நீயுமா, நோரா?" என்று ஐவி உதட்டால் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் நூலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஜூலையில் போனோம். தெருவில் ஏழு குடும்பம் வந்திருந்தது. நெஞ்சுச் சளிக்குக் கடல் காற்று வேண்டும் என்று ஏடா கடல் பார்த்த ஐவியின் அறையைக் கேட்க, வில்ஃபே பெட்டிகளை மாற்றி வைத்தான். ஐவிக்குக் கிடைத்த அறையின் ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்திருந்தது.

புதன்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு ஐவி வரவில்லை. எனக்கு வரைபடம் மனப்பாடம் ஆகியிருந்ததால் நேராகக் கடலுக்குள் நீண்டு போகிற பாறைக்குப் போனேன். அதன் கோடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போனேன், நோரா. எங்கயாவது போயிரலாம்னு. எந்த ஊருக்குன்னு டிக்கெட் குடுக்கறவர் கேட்டாரு. நெல்சனைத் தவிர வேற ஊர் பேரே என் வாயில வரல."

"எல்லாம் என்னாலதான். நான் அன்னிக்கு அப்படி வாயைத் தொறந்து..."

"தெரியும். லாட்டி சிரிச்சதை நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஜனவரியிலிருந்தே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த நோட்டை எழுதியிருக்கிறாள். அலை ஏற ஆரம்பித்தது. எழுந்து நடந்தோம். கரையில் ஏடா ஐவியின் கம்பளிச் சட்டையோடு நின்றிருந்தாள். சளி பிடித்தால் யார் பார்ப்பது என்று திட்டிக்கொண்டே அவளுக்குப் போட்டுவிட்டாள். உண்மையிலேயே பயந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஐவியால் கோபப்படவும் முடியவில்லை.

சனிக்கிழமை வில்ஃப் அடுத்த வருஷத்துக்கு அதே அறைகளைச் சொல்லிவைத்தான். பதினோரு வருஷம் ஃபைலிக்குப் போனோம். அதற்கடுத்த மார்ச்சில் ஏடா இறந்தாள். எங்கே போக ஆசை என்று வில்ஃப் முதல்முறையாக ஐவியைக் கேட்டான். ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஃபைலிக்கே எழுதச் சொன்னாளாம். வேறு ஊர் பேர் அப்போதும் அவள் வாயில் வரவில்லை.