வெள்ளைக்கு அடியில் இருந்த நீலம்

பழைய கார்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி, விற்றவர் வாங்கியவரிடம் சொன்னது. ஓர் இளவரசர் ஓட்டியதாகவும் ஒரு நடிகைக்குப் பரிசாகப் போனதாகவும் கதை கைமாறக் கைமாறப் பருத்துக்கொண்டே போகும். ஆகவே நான் கண்ணால் கண்டதையும், ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் ஒத்துச் சொல்வதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் அக்காவுக்குச் சொல்லவேண்டிய நன்றியில் கலப்படம் இருக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

கார் அக்காவின் கணவருடையது. அத்தான் இத்தாலியின் வடக்கில் கார் திருத்தும் பட்டறையொன்றில் பல ஆண்டுகள் வேலைசெய்துவிட்டுக் குடும்பத்தோடு இலண்டனுக்கு வந்தவர். அந்நகரின் வடக்கே எட்மண்டனில் கராஜ் வைத்திருக்கிறார். இருவர் மட்டுமே அமரக்கூடிய அந்த அரிய இத்தாலியக் கார், ஓடாத நிலையில், வெள்ளை நிறத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது.

மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். எடையைக் குறைக்க இத்தாலியர் கையாண்ட முறை அது. கைவேலை என்பதால் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றல்ல; அளந்து பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதைக் கண்டு, இங்கிலாந்துக்கென்றே செய்த கார் என்று எல்லாரும் நினைத்தோம். அது சான்றாகாது. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடாயிருந்தும், இத்தாலியின் உயர்தரக் கார்கள் சிலவற்றில் ஸ்டியரிங் நெடுங்காலம் வலப்பக்கமே இருந்தது. மலைப்பாதையின் விளிம்பு ஓட்டுபவருக்குத் தெரிவதற்காக என்பார்கள்; அந்தக் காரணத்தை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

வெள்ளையை இரசாயனம் பூசி முழுதாக உரித்துவிட்டுச் சிவப்பு அடிப்பது அத்தானின் முடிவு.

"இத்தாலிக் கார் எண்டால் சிவப்புத்தான். அங்கை இருந்து வந்தவனுக்குத் தெரியாதே?"

"முதல் நிறம் என்னெண்டு தெரியாமல் உரிச்சால், பிறகு ஒருநாளும் அறிய ஏலாது" என்றேன்.

"கதவு ஓரமெல்லாம் பாத்திட்டன், மச்சான். எல்லாம் வெள்ளை."

திங்கட்கிழமை உரிப்பதற்கு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போன அக்கா நேரே கராஜுக்கு வந்தாள். கையில் சந்தனம், தேசிக்காய், தேங்காய், கற்பூரம்.

"இது புதுக் காரே?" என்றார் அத்தான்.

"எங்களுக்குப் புதிசு."

"இன்னும் ஓடவே இல்லையப்பா."

"ஓடுற காருக்கு உங்கட கை காணும். ஓடாததுக்குத்தான் முருகன் வேணும்."

புது வண்டிக்குச் செய்வது அனைத்தையும் செய்தாள். காரின் முகப்பில் சந்தனப் பொட்டு வைத்தாள். சக்கரங்களின் அடியில் தேசிக்காய் வைத்தாள். அத்தானும் நானும் காரைத் தள்ளி அவற்றை நசித்தோம். பிறகு தேங்காயின் மேல் கற்பூரம் கொளுத்திச் சுற்றியபோது, எரியும் கட்டியொன்று வழுக்கி, காரின் முன்மூடியான பொனற்றின் மேல் விழுந்தது. அத்தான் பாய்ந்து ஈரத்துணியால் அமுக்கினார். துணியை எடுத்தபோது வெள்ளை கொப்பளித்திருந்தது.

"கொளுத்திப் போட்டியே!"

"நாளைக்கு உரிக்கிறதுதானே? நான் கொஞ்சம் முதலே தொடங்கிட்டன்."

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. கொப்புளத்தை நகத்தால் நெம்பினார். வெள்ளை செதிலாகப் பெயர்ந்தது. அடியில் சாம்பல் கலந்த வெளிர் நீலம். கைவிளக்கை எடுத்தார், மீட்டர்ப் பலகையைக் கழற்றினார், உள்ளே தலையை நுழைத்தார்.

"மச்சான், இஞ்சை வந்து பார்."

பலகையின் பின்னால், பிறகு அடித்த எந்தப் பூச்சும் எட்டியிருக்க முடியாத தகட்டில், அதே நீலம் இருந்தது. அதற்கு அடியில் வேறு நிறம் இல்லை. இருவரும் சுரண்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். அத்தான் அப்போதே உரிப்பவரை அழைத்தார்: "நாளைக்கு வரவேண்டாம். ஓம், வேண்டவே வேண்டாம்."

இப்போது அவர் வெள்ளையைக் கையால் சிறிது சிறிதாக எடுத்துவருகிறார். நீலம் பல இடங்களில் தேய்ந்திருக்கிறது; அதன்மேல் எதுவும் பூசுவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் வாதாடிக் காக்க முடியாததை அக்காவின் வழிபாடு காத்துத் தந்தது. நன்றி சொல்லப் போனால், "முருகனுக்குச் சொல்லு" என்கிறாள். சொல்லியிருக்கிறேன், ஆனாலும் அவளுக்கும் உரியது.

அந்த நீலத்துக்குத் தொழிற்சாலை இட்ட பெயர் எங்களுக்குத் தெரியாது. காரை முதலில் வாங்கியவர் யார் என்று தெரியாது. அது இங்கிலாந்துக்கு எப்போது வந்தது என்றும் தெரியாது. வெள்ளை அடித்தவர் யார், ஏன் அடித்தார் என்பதற்கு இதுவரை எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.