அந்த ‘ஆமாங்க’ ஆமாம் இல்லை

சாட்சிக் கூண்டுல ஏறி நின்னப்போ எனக்கு உடம்பெல்லாம் பரபரன்னு இருந்துச்சு. பயமான்னா, பயமும்தான். எதிர்த்தரப்புல உட்கார்ந்திருந்தது என் கூடப் பிறந்த அண்ணன். துபாய்ல சம்பாதிச்சு, எங்க ஊர்லயே வயலை வாங்கி மனையாக்கி மாடி வீடு எழுப்பினவன். வீடு எழும்பறதுக்குள்ள மனையோரத்து வாய்க்காலைக் காணோம், மண்ணைக் கொட்டித் தூர்த்தாச்சு. தண்ணி வராம பக்கத்து வயல்காரியோட நாத்து கருகிடுச்சு. அவ கேஸ் போட்டு, அவ வயல்ல நடவுக்குப் போற என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா. வாய்க்கால் இருந்துச்சுன்னு நான் சொன்னா எனக்குப் பிறந்த வீடே இல்லை. அது தெரிஞ்சுதான் ஏறினேன்.

அவளோட வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். "பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லுங்கம்மா, பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்லுங்க. கேள்வி முடியறதுக்குள்ள வாயைத் திறக்காதீங்க." இது என்ன பெரிய வித்தையான்னு நினைச்சேன்.

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் பேசும்போது வாயை மூடிக்கிட்டுக் கேட்டா மரியாதை இல்லை. "ஆமாங்க, ஆமாங்க"ன்னு சொல்லிக்கிட்டே கேட்கணும். அங்கதான் மாட்டினேன்!

அண்ணனோட வக்கீல் தேனொழுகப் பேசினார்.

"உங்க அண்ணன் வெயில்ல காய்ஞ்சு சம்பாதிச்சவர்."

"ஆமாங்க."

"சொந்த மனையிலதான் வீடு கட்டினார்."

"ஆமாங்க."

"அங்க வாய்க்கால்னு ஒண்ணு இருந்ததே இல்லை."

"ஆமாங்க."

டைப் மெஷின் படபடன்னு அடிச்சுது. வக்கீல் சிரிச்சுக்கிட்டே உட்காரப் போனார். அய்யய்யோ, என்ன சொல்லித் தொலைச்சேன்!

"ஐயா, நிறுத்துங்க ஐயா!" கத்தினது நான்தான். "அந்த ஆமாங்க ஆமாம் இல்லைங்க! அவர் பேசறது காதுல விழுதுங்கிற ஆமாங்க!"

கோர்ட்டே சிரிச்சுது. நீதிபதி மட்டும் சிரிக்கலை.

"அப்ப வாய்க்கால் இருந்ததா, இல்லையா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"இருந்துச்சுங்க. நடவு முடிஞ்சா அதுலதான் கை கால் கழுவுவோம்."

"அதைத் தூர்த்தது யாருன்னு பார்த்தீங்களா?"

வயல்காரி கண்ணாலேயே கெஞ்சினா. அண்ணன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"லாரி சத்தம் கேட்டுச்சுங்க. ஆள் யாருன்னு பார்க்கலைங்க."

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் தாண்டிப் போய்க் கார்ல ஏறிட்டான். வயல்காரியும் பஸ்ல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுதான் வந்தா.

ஆனா தீர்ப்பு வந்துச்சே! வாய்க்காலை மறுபடி வெட்டிவிட்ட அன்னிக்கு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு தண்ணிக்கு முன்னாடி நான் ஓடினேன். நுரைச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க, எனக்குத் தலைகால் புரியலை. நானும் வயல்காரியும் சின்னப் பிள்ளைங்க மாதிரி கூத்தடிச்சோம்.

பொங்கல் வந்துச்சு. அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரலை. வராதுன்னு தெரியும், இருந்தாலும் தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன். வயல்காரிதான் கரும்பும் மஞ்சள் கொத்துமா வந்தா.

"உங்க அண்ணன் குடுக்கிறதா நினைச்சு வாங்கிக்கடி."

எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துடுச்சு.

"பொய் எதுக்குடி? நீ குடுக்கிறேன்னு சொல்லிக் குடு, வாங்கிக்கிறேன்."