வீதிக்கு எத்தனை நிமிடம்

எங்கள் வார்டில் எனக்கு ஓட்டுப் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். என் அப்பா.

மற்ற எல்லோரும் போடுவதாகத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டு இல்லை என்று சொல்லமாட்டார்கள். "உங்களுக்குப் போடாம வேற யாருக்குங்க போடப்போறோம்" என்று சொல்லி, உட்காரவைத்து, மோர் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் காலனியைத் தாண்டி மேல வீதிக்குப் போனால் உட்காரச் சொல்வது மட்டும் இருக்காது. மோரும் காகித டம்ளரில் வரும். மற்றபடி அதே பதில்தான்.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. மூன்று பேர் நின்றோம். எனக்குக் கிடைத்தது சீப்புச் சின்னம்.

"ஊட்டுக்கு வந்து தலை சீவி உடுவீங்களா அம்மணி?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டு உக்காருங்க, சீவியே உடறேன். ஆனா தண்ணிக்கு எங்க போவீங்க?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் ஓட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். ஆற்றிலிருந்து குழாய் வழியே வரும் நல்ல தண்ணீர் எங்கள் ஊருக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான். அன்றைக்கு அவர் மொபெட்டில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு போய், வீதி வீதியாக வால்வைத் திறந்து மூடுவார். எந்த வீதிக்கு எவ்வளவு நேரம் என்பது எங்கும் எழுதியிருக்கவில்லை. அது அவர் கையில் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோயமுத்தூருக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய்வந்து பட்டம் வாங்கினேன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்த மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று நாள் முழுக்க அச்சடித்துக் கொடுக்கிற எனக்கு, எங்கள் வீதிக் குழாய் முப்பத்தைந்து நிமிடத்தில் நிற்பதையும் மேல வீதிக் குழாய் ஒன்றேகால் மணி நேரம் ஓடுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எல்லா வீதிக்கும் ஒரே நேரம் விட வேண்டும், அதை வீதிமுனையில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அதற்காகத்தான் தேர்தலில் நின்றேன்.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேட்புமனு கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பாவிடம் பலகை பற்றிச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"போர்டு வெச்சுப்போட்டா, அப்பறம் என்னைய எதுக்குக் கண்ணு வந்து கேக்கப்போறாங்க?"

"யாரும் யாரையும் கேக்கவே வேண்டாமுங்ப்பா. அதுக்குத்தான்."

"அப்ப நான் உனக்குப் போடமாட்டேன்."

கோபமெல்லாம் இல்லை. சோறு போடச் சொன்னார்.

ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறியபோதுதான் அவர் கேட்டதன் அர்த்தம் விளங்கியது. மேல வீதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "உங்கப்பா இருக்கறப்ப எங்களுக்கென்ன கொறைங்க? ஊட்ல சீரு, விசேசம்னா வந்து ஒரு வார்த்த சொல்லுவோம். பத்து நிமிசம் சேத்தி உட்ருவாரு." எங்கள் காலனியிலும் அதையேதான் சொன்னார்கள்.

எங்கள் வீதிக்குள் வேறு எதற்கும் கால் வைக்காதவர்கள் இதற்காக வருவார்கள். கார் வீதிமுனையில் நிற்கும். காரில் வந்தவர் இறங்கி நடந்து வந்து எங்கள் வாசலில் காத்திருப்பார். அப்பா உடனே வெளியே போகமாட்டார். சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் போவார். என் தாத்தாவிடம் யாரும் எதையும் வந்து கேட்டதில்லை. வேலைக்கு வரச் சொல்லி மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் வந்து கேட்கிறார்கள். அதைத்தான் நான் எடுத்துவிடப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அடுத்த வீட்டில் ஏறி ஓட்டுக் கேட்டேன்.

மேல வீதி ஓட்டு மற்ற இரண்டு பேருக்கும் பிரிந்து போனதால் பதினொரு ஓட்டில் ஜெயித்தேன். வாக்கு எண்ணிய பள்ளிக்கூட வாசலில் மற்ற வார்டுகளில் ஜெயித்த ஒவ்வொருவருக்கும் மாலையும் பட்டாசும் காத்திருந்தன. நான் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். கவரை வெளியே எழுத்துத் தெரியும்படிதான் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே தண்ணீர் நேரத்தை எடுத்தேன். நான்கு முறை தண்ணீர் விட்டபோது ஒவ்வொரு வீதியிலும் கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்த தாள் என்னிடம் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டர் என்பதால் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார். எழுந்து தாளைப் படித்தேன். நன்றாகவே படித்தேன்.

"ஏப்பா, உன்ற வீதிக்கே கம்மியா உட்ருக்கறே?" என்றார் ஓர் உறுப்பினர். சிரிப்பு எழுந்தது.

"எங்க சனம் சத்தம் போடாதுங்க. அவிய கேட்டாங்க, உட்டேனுங்க" என்றார் அப்பா.

பஞ்சாயத்துத் தலைவருக்குத் தண்ணீர் கேட்டுத் தினமும் வரும் போன் தொல்லை குறைந்தால் போதும். தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. எல்லா வீதிக்கும் ஐம்பது நிமிடம். ஒரு திருட்டைக் கண்டுபிடித்தவளைப் போல அந்தத் தாளைப் படித்திருக்கிறேன் என்பது பஞ்சாயத்துப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. அப்பா மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் நடந்து வந்தேன்.

பலகை வைத்து இரண்டு மாதம் யாரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார். அவர் மகளுக்குச் சீர். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்தி அவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"மெம்பரம்மா, நாளைக்கு நம்ம வீதிக்கு ஒரு பத்து நிமிசம் சேத்தி உடச் சொல்லு சாமி. சொந்தபந்தமெல்லாம் வருது."

"போர்டுல இருக்கற நேரந்தானுங்க சித்தி. உங்களுக்கு உட்டா மேல வீதிக்காரங்களும் வருவாங்க."

"ஏ புள்ள, நான் உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்?"

"அதனாலதானுங்க முடியாது."

"இதுக்கு உங்கப்பனே தேவலாம் போ!" என்று சேலையை உதறிக்கொண்டு சித்தி போய்விட்டார்.

அப்பா எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார்.

"கேட்டு வர்ற சனத்துக்கு இல்லேன்னு சொல்றதுக்கா கண்ணு உன்னைய படிக்க வெச்சேன்?"

"ஆமாங்ப்பா."

அவர் வேறு பதிலை எதிர்பார்த்திருக்கலாம். வெளியே போய் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன். மறுநாள் எங்கள் வீதிக்கு ஐம்பது நிமிடம் தண்ணீர் வந்தது, ஐம்பத்தோராவது நிமிடத்தில் நின்றது. சீர் வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்பா மட்டும் போய்விட்டு வந்தார்.