மாமாவின் முதுகு

திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டில் மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். அதில் எந்நேரமும் பனி கொட்டுகிற ஊர். ஆண்களெல்லாம் தாடியும் கோடாலியுமாக அலைகிறார்கள். வைத்தியம் தெரிந்த ஒருத்தியைச் சூனியக்காரி என்று விரட்டிவிட்டு, காயம் பட்டால் மட்டும் அவள் குடிசைக்கு ஓடுகிறார்கள். "இப்பிடியெல்லாம் ஜனங்க இருப்பாங்களாம்மா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குப் பனி எதற்கு? நான் பிறந்த வெதுருகுப்பம் போதாதா?

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. விடிந்தால் வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை எங்கள் சபை பாஸ்டரே வந்தார், கொல்லைப் பக்கமாக. அவர்கள் குப்புறப் படுக்க, நான் பாதத்தால் மூன்று தரம் மெல்ல மிதித்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புவேன். பலருக்குச் சரியாகிவிடும். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே ஜனம் கல்யாணம், வளைகாப்பு என்றால் என்னைப் பந்தலுக்குள் விடாது. பிறக்கும்போது என் கழுத்தைக் கொடி சுற்றியிருந்ததாம். அது தாய்மாமன் உயிருக்கு ஆகாதாம். என் காலுக்கு மட்டும்தான் ஊரில் மரியாதை.

பரிகாரம் ரொம்பச் சுலபம். தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற குழந்தையின் முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட வேண்டும். அப்புறம் நேராகவே பார்க்கலாம், தூக்கிக் கொஞ்சலாம். அம்மா இந்து வீட்டுப் பெண். அவள் தம்பி, என் மாமா, சாந்திபுரத்திலிருந்து புதுத் தட்டோடு வந்து நின்றாராம். நைனா பழைய மிஷன் சபைக்காரர். "எம் புள்ள மூஞ்சில இன்னா தோசம்? பாக்கறதுன்னா நேரா பாரு, இல்லன்னா போய்க்கினே இரு" என்றாராம். மாமா தட்டோடு திரும்பிவிட்டார். நைனாவுக்கு வீம்பு, மாமாவுக்குப் பயம், நடுவில் அழுதது அம்மா.

மாமா முறை செய்வதில் குறை வைக்கவில்லை. நான் வயதுக்கு வந்தபோது பட்டுப்பாவாடை வந்தது, கல்யாணத்துக்குச் சீர் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. எங்காவது எதிர்ப்பட்டால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பிக்கொள்வார். நான் கண்டதெல்லாம் அவர் முதுகுதான்.

அம்மாவும் நைனாவும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருஷம் அத்தை போன் செய்தார். "மாமாவுக்கு இடுப்பு புடிச்சிக்கினு எயுந்திருக்கவே முடியல. ஊசிக்கும் கேக்கல. நீ வந்து ஒரு மிதி மிதிச்சிட்டுப் போம்மா."

ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இனித் தடுக்க ஆள் இல்லை. வயதான காலத்திலாவது மாமா என்னைப் பார்த்துவிடட்டும் என்று ஆசை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல வழியெல்லாம் தலையைச் சரிசெய்துகொண்டேன்.

நான் வருவதற்கு முன்பே மாமாவைப் பாயில் குப்புறப் போட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பையை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தால் மாமாவின் முதுகு பளபளக்கிறது. எண்ணெய் இடுப்புக்குத்தான் என்று அத்தை நினைத்துவிட்டார்.

"கடைசி சொட்டு வரைக்கும் தேச்சிட்டேம்மா. நீ மிதி" என்றார் பெருமையாக.

மிதித்தேன். கால் வழுக்கியது. எண்ணெய் கொண்டுவந்தது எதற்கென்று சொன்னேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, வூட்ல பாமாயில் பாக்கெட்டுதானே இருக்குது!"

சுவரைப் பார்த்தபடியே மாமா பேசினார். என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு. "எங்கக்கா பொண்ணு மூஞ்சிய பாமாயில்லயா பாக்கறது? வேணாம்மா. நான் எயுந்து நடந்தேன்னா, புதுத் தட்டு எடுத்துக்கினு நானே உன் வூட்டுக்கு வரேன்."

எழுந்து நடந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா கிளம்புகிறார் என்று அத்தை போனில் சொன்னார். நான் கறிக்குச் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை மாமாவுக்கு மாரடைப்பு.

சாவு வீட்டில் நுழைந்தேன். கூடியிருந்தவர்கள் பார்வையெல்லாம் என் காலில் இருந்தது. "மிதிச்சாள்ல, அதான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. செருப்பைக் கழற்றி அடிக்கலாம்போல இருந்தது. அத்தை மட்டும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வாய்க்கரிசித் தட்டை நீட்டினார். கடை ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுத் தட்டு.

"உனக்குன்னு வாங்கினதும்மா" என்றார்.

அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். அம்மாவின் அதே மூக்கு, அதே மேவாய். நான் பார்த்துவிட்டேன். அவர்தான் பார்க்கவில்லை.