மீனம்பாக்கத்தில் இறங்க ஒரு கம்ப்யூட்டர்

பம்மலில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் காதில் விழுவதில்லை. பழகிவிடும். நாகலக்ஷ்மிக்கு மட்டும் அது பழகவே இல்லை. துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால், தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த புடவையை உதறுவாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனவள் அவள். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் மிருதுளா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் சீட்டாடலாம் என்று உட்கார்ந்தவள், தவறிப்போய் ஒரு விமான விளையாட்டைத் திறந்துவிட்டாள். மூன்றே மாதத்தில் மதுரையில் ஏறித் திருச்சியில் இறங்கும் அளவுக்குத் தேறினாள். மீனம்பாக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. பெரிய ஊர், ஏகப்பட்ட கட்டடங்கள்; பழைய கம்ப்யூட்டர் தாங்கவில்லை. ஓடுபாதை கண்ணில் படும் நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது விமானம் திரிசூலம் மலையில் மோதிக்கிடக்கும்.

"புதுசு வாங்கப் போறேன். கேம் ஆடற மாதிரி" என்றாள் ஒரு நாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

கணவர் யக்ஞநாராயணன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் கம்பெனி முத்திரை பார்ப்பவர். "வாங்கிக்கோ. ஆனா பிராண்டட் வாங்கு நாகு. மூணு வருஷம் வாரன்ட்டி. ஒரு ஃபோன் பண்ணினா ஆள் ஆத்துக்கே வருவான். பார்ட் பார்ட்டா சேர்த்த அசெம்பிள்டு வாங்கினா, அதைப் பண்ற அந்தப் பல்லாவரம் எட்மண்ட் பின்னாடி அலையணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தொல்லை. அந்த வீட்டில் தப்பாக ஒரு பொருளை வாங்கினால் மன்னிப்பு கிடையாது. எண்பத்தொன்பதில் அவள் வாங்கிய மிக்ஸியைப் பற்றி அவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறார். இந்த வயதில் இன்னொரு முறை கம்ப்யூட்டர் வாங்கப் போவதில்லை. இதில் தவறினால் மீனம்பாக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இருவரும் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனார்கள். டை கட்டிய விற்பனையாளர் இரண்டு டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு திறந்து காட்டுங்கோ" என்றாள் நாகலக்ஷ்மி.

"திறக்கக் கூடாது மேடம். இந்த ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரன்ட்டி போயிடும்."

"படத்தை ஓட்டற கிராஃபிக்ஸ் கார்டு?"

"எல்லாம் இன்பில்ட் மேடம். பிரிண்டர் ஃப்ரீ."

"பிரிண்டர் ஃப்ரீயாம்" என்றார் யக்ஞநாராயணன், முகம் மலர்ந்து.

"அது பிளேன் ஓட்டுமான்னு கேளுங்கோ" என்று அவள் எழுந்துவிட்டாள். முப்பது வருஷம் திறந்த பேனலுக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவள். மூடி முத்திரை வைத்த பெட்டியை நம்பி வாங்க மனம் வரவில்லை.

எட்மண்ட் பல்லாவரத்தில், வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பவர். நாற்பது வயதிருக்கும். அறுபது தாண்டிய அம்மாள் விளையாட்டுக்கென்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை.

"இன்னா கேம்க்கா?"

"விமானம் ஓட்டறது."

"அப்ப கார்டு நல்லதா போடணும். பவர் சப்ளைல மிச்சம் புடிக்காதீங்க, அது சவலையா இருந்தா கார்டு வேலைக்கே ஆவாது. மானிட்டர் பழசே போதும்."

"வாரன்ட்டி?" என்றார் யக்ஞநாராயணன்.

"ஒவ்வொரு பார்ட்டுக்கும் பில்லு கீது சார். மத்ததுக்கு நான் கீறேன்."

"நீ ஊர்ல இல்லேன்னா?"

"நான் எங்க சார் போவப்போறேன்? சண்டே சர்ச்சுக்குப் போவேன். பன்னெண்டுக்கு வூட்ல இருப்பேன்."

ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இருந்து சாமான்கள் வந்த அன்று நாகலக்ஷ்மி ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கேட்டாள். கடைசித் திருகாணிகளை அவளே முடுக்கினாள்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் ஆயுத பூஜை. அது யக்ஞநாராயணனின் இலாகா. கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், கரண்ட் மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். புதுசு என்பதால் கம்ப்யூட்டருக்குத் தனி மரியாதை: கால் முழம் அதிகமாகவே சாமந்தி மாலை, பெட்டியின் இரு பக்கமும் தொங்கும்படி. அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. அவளும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் நல்ல நாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாலையை எடுக்கட்டுமா?"

"வாடறதுக்கு முன்னாடி எடுக்கப்படாது" என்றார் அவர்.

பெங்களூரில் ஏறினாள். படம் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. வேலூர், காஞ்சிபுரம், போரூர் ஏரி. ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே. சக்கரத்தை இறக்கினாள். திரை பட்டென்று இருண்டது.

"கரண்ட் போச்சா?" என்றார் ஹாலில் இருந்து. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "போகலையா? அப்போ அசெம்பிள்டு போச்சு."

அவள் எட்மண்டுக்கு ஃபோன் போட்டாள்.

"பொட்டியத் தொட்டுப் பாருங்கக்கா. சூடா கீதா?"

நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்தாள். "கொதிக்கறது."

"அதான். சூடு தாங்காம தானே ஆஃப் ஆயிருக்கு. பிளக்கப் புடுங்கிட்டுத் திறந்து பாருங்க. ரெண்டே ஸ்க்ரூ."

"நானேவா?"

"நீங்கதானக்கா டைட் பண்ணீங்க? நான் தாம்பரத்துல கீறேன். ஆவலன்னா சொல்லுங்க, வரேன்."

பக்கத் தகட்டைக் கழற்றினாள். யக்ஞநாராயணன் டார்ச் அடித்தார். நடுவில் இருந்த சின்ன விசிறி அசையவில்லை. அதன் கழுத்தில் ஏழெட்டுச் சுற்று என்னவோ இறுக்கிச் சுற்றியிருந்தது, கூடவே மஞ்சள் இதழ்கள்.

"வாழை நார் மாதிரி இருக்கே" என்றார்.

"மாதிரி என்ன? உங்க மாலைதான். காத்துப் போற ஓட்டை வழியா உள்ள போயிருக்கு."

"சாமிக்குப் போட்டது..."

"சாமி வேண்டாம்னு சொல்லலை. விசிறிதான் சொல்றது."

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, காலில் தைத்த முள்ளை எடுக்கும் பொறுமையோடு நாரை ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். விரலால் தட்டியதும் விசிறி சுழன்றது. அவர் கழற்றிய தகட்டை எடுத்து அதன் ஓட்டைகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். "அந்தக் கடைல வாங்கியிருந்தா இப்போ ஸ்டிக்கரைக் கிழிச்சிருக்கணும், இல்லே?" என்றார், சுவரிடம் சொல்வதுபோல். அவள் தகட்டை மூடி, ஓட்டை எதையும் மறைக்காமல் மாலையை மானிட்டர் மேல் சாற்றினாள்.

மறுபடி பெங்களூர். இந்தத் தடவை அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போரூர் ஏரி வந்தது. விளக்குகள் வந்தன. படம் நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு குதி குதித்தது, மறுபடி தொட்டது, பாதையை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"இறங்கிடுத்தா?"

"மீனம்பாக்கத்துல இறங்கிடுத்து."

"புல்லுல நிக்கறதே, நாகு."

"ஏன், பாசஞ்சர் யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணினாளா?" என்றாள் நாகலக்ஷ்மி.