எடை கூடாத பிள்ளை

வறுத்த மாவில் சூடான வெல்லப்பாகை ஊற்றியதும் குப்பென்று ஒரு வாசனை எழுமே, அது மூக்கில் பட்டால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். நான் இந்த வயதிலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். வடக்கனந்தலில் எங்கள் தெருக்கோடியில் ஒரு ஓட்டு அறை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய மையம் அது. அங்கே பிடித்துக் கொடுத்ததை நாங்கள் "சத்துருண்டை" என்போம். எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைத்துவிடாது. மாதம் ஒருமுறை வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, கால் நுழைக்க ஓட்டை வைத்த துணிப்பையில் பிள்ளையை உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு உருண்டை உண்டு. தேறிய பிள்ளைக்குக் கிடையாது.

என் தம்பி சேகர் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அம்மா அஞ்சலை நாற்று நடவும் மரவள்ளி பிடுங்கவும் கூலிக்குப் போவாள். தம்பியின் உருண்டையில் பாதி அவள் முந்தானையில் முடிந்து வீட்டுக்கு வரும், அது எனக்கு. ஒரு மாதம் அவன் நன்றாகத் தேறிவிட்டான். நாங்கள் "எடை அக்கா" என்று அழைத்த மையத்துப் பெண்மணி அவனைத் தூக்கிக் கொஞ்சி, "பையன் தேறிட்டான் அஞ்சல, இனிமே உருண்டை வேணாம்" என்றார். பாவம், நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். உருண்டை நின்றதும் தம்பி இளைத்தான். இளைத்ததும் உருண்டை திரும்ப வந்தது. அதற்குமேல் அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தெருக்குழாயடியில் பெண்கள் இதை ஒளிவுமறைவு இல்லாமல் பேசிக்கொள்வார்கள். "மொத நாளு ராத்திரி கஞ்சி ஊத்தாத. வெறும் வயித்தோட தூக்கினு போ" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் மகளின் கொலுசையும் தாயத்தையும் கழற்றிவிட்டுத்தான் கூட்டிப்போவாள். "மொட்டையும் அடிச்சிடு, இன்னும் கம்மியாவும்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு ராத்திரி பட்டினி என்பது போகப்போக இரண்டு நாளாக, மூன்று நாளாக நீண்டது. தம்பி அழுவான், அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பாள், அவளும் சாப்பிடமாட்டாள். இதைக் கேட்டால் படித்தவர்கள் "அறியாமை" என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிள்ளை தேறினால் சோறு பறிபோகும் என்று விதி வைத்தது என் அம்மா அல்ல.

அந்த நாட்களில் பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டாள். அரசாங்கம் கொடுக்கும் உணவு பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகிறதா, அதைக் காட்டி வீட்டுச் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்களா என்று ஆராய வந்தவள் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. நல்லதைச் சொன்னால் உருண்டை நின்றுவிடும் என்று தெருவே பயந்தது. எல்லா வீட்டிலும் "ஒண்ணும் துன்னலீங்க" என்றே சொன்னார்கள். எங்கள் வாசலுக்கு வந்தவள் என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா, தம்பி நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டான்?" என்றாள். நானும், "ஒண்ணும் துன்னலீங்க" என்றேன். அவள் லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள். நான் சொன்னது உண்மை, ஏனென்றால் மறுநாள் எடை போடும் நாள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் சூடுபிடித்ததும் அந்த மாதங்களில்தான். சுவரெல்லாம் கரிக்கட்டையால் கோரிக்கை எழுதினார்கள். பெரியவர்கள் எங்களைத் தார்ச்சாலைப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். ஒரு நாள் காலையிலிருந்து கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே விழுந்தன. பஸ் நின்றது, மாவு கொண்டுவரும் வண்டி நின்றது, கூலி வேலையும் நின்றது. மரத்தை வெட்டியவர்களும் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும்தான் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, பட்டினியில் ஏற்கெனவே மெலிந்திருந்த தம்பியின் வயிற்றுப்போக்காக.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பினோம். அம்மாவின் இடுப்பில் அவன் துவண்டு கிடந்தான். குறுக்கே கிடந்த ஒரு பெரிய மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாம்மா, எங்க போற? பஸ்ஸெல்லாம் கெடையாது" என்றார் ஒருவர். "கொயந்தைக்கு முடியலீங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம்." அவர் சட்டென்று இறங்கி வந்து, அம்மா மரத்தைத் தாண்டுவதற்காகத் தம்பியை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் முகம் மாறியது. "இன்னாம்மா, கனமே இல்லியே" என்றார். வழிநெடுக அந்த வார்த்தை எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனைத் தராசில் கிடத்தினார். அம்மா எட்டிப்பார்த்து, "கம்மியாதானேங்க இருக்குது?" என்றாள். "ரொம்பக் கம்மிம்மா" என்றார் நர்ஸ். அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை நான் பார்த்தேன். கண்மூடித் திறப்பதற்குள் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மதியம் தம்பி இறந்துபோனான்.

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது, நிழலுக்கு ஒரு புளியமரம் கிடையாது. ஓட்டு அறை இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டடம், தொங்கும் தராசுக்குப் பதில் எண் காட்டும் மெஷின். பிள்ளை தேறிவிட்டது என்பதற்காக யாரும் மாவை நிறுத்துவதில்லை. அந்த விதி எப்போது போனது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. அம்மா என்னுடன்தான் இருக்கிறாள். என் மகளின் குழந்தையைப் பார்த்து யாராவது, "கொழுகொழுன்னு இருக்கானே!" என்றால் போதும், அவனை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, "இல்லீங்க, ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல" என்கிறாள். கண்பட்டுவிடும் என்று கிழவி பயப்படுகிறாள் என நினைத்து அவர்கள் சிரிக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. அவர்கள் போனபிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள்.