பாதி சிவந்த அணில்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் அணிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இழுப்பறை இழுப்பறையாகப் பஞ்சடைத்த அணில் தோல்கள், ஒவ்வொன்றின் காலிலும் பிடித்த இடமும் மாதமும் எழுதிய சீட்டு. இவற்றோடு மாரடிப்பதுதான் அவள் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிவப்பு முதுகுள்ள ஒரு மர அணிலைத் தனி இனம் என்று எழுதி, அதன் அறிவியல் பெயரில் கணவன் பெயரைச் சேர்த்துவிட்டாள். கல்யாணமான புதிதும் அதுதான். தலைகால் புரியாத காலம்.

கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். அன்றிலிருந்து நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதைதான். கத்தி கழுத்தருகே இருக்கும்போது யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? அவர்களுக்குக் குழந்தை இல்லை. "நமக்கப்புறமும் என் பேரு மரமேறிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

அவள் ஓய்வு பெறப்போகும் சமயத்தில், மின்கம்பியில் அடிபட்டுச் செத்த அணில் ஒன்றைக் காவலாளி கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். தலையிலிருந்து இடுப்பு வரை அவள் பெயர் வைத்த சிவப்பு அணில். இடுப்புக்குக் கீழே, காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த சாம்பல் அணில். பழைய முடி உதிர்ந்து புது முடி முளைக்கும் பாதியிலேயே அதன் உயிர் போயிருந்தது.

இழுப்பறைகளைத் திறந்து சீட்டுகளைப் பார்த்தாள். சிவப்புத் தோல்கள் எல்லாம் மழைக்காலத்தில் பிடித்தவை, சாம்பல் எல்லாம் கோடையில். அன்றைக்குப் பெரிதாகப் பட்ட மண்டையோட்டு வித்தியாசமும் இப்போது அளந்தால் ஒன்றுமே இல்லை. ஒரே அணில், பருவத்துக்கு ஒரு சட்டை மாற்றுகிறது. இதற்குப் போய் ஊரைக் கூட்டியிருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும்; சாம்பல் அணிலின் பெயர்தான் பழையது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கள் இருவர் காலத்தில் யாரும் இதைத் தோண்டப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் நேரே கடைக்குப் போனாள். அவன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, உங்க அணில் தனி அணில் இல்ல. முடி மாறினதைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அப்ப என் பேரு?"

"எடுத்துடணும். நான் எழுதாம விட்டா இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

அவன் காலடியில் குவிந்திருந்த முடியையே பார்த்தான். "முடியைப் பார்த்தா ஆளை முடிவு பண்ணினே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எழுது" என்றான், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி. "எனக்கு ஆசைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு எவனோ வந்து, அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலேன்னு எழுதினா என்னால தாங்க முடியாது. நீ வெச்ச பேரு. நீயே எடு."